நான்கு திரொட்டிலும் ஒரு இறப்பர்க் குழாயும்

சென்ற மாதம் ஊருக்குச் சென்றிருந்தேன். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்காவின் மகனும் கூடவே வந்தான். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தில் ஏறும்வரை அவன் ஒரே விடயத்தைத்தான் பேசிக்கொண்டு வந்தான். லண்டனில் அவனிடம் ஒரு மஸ்டா எம்.எக்ஸ்.5 இருக்கிறது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையைத் திறந்துவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதன் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு திரொட்டில்களைப் பொருத்தப்போகிறானாம்.

"எவ்வளவு செலவு வரும்?" என்று கேட்டேன்.

"எல்லாமாச் சேர்த்துச் சில ஆயிரம் பவுண் வரும், மாமா."

பத்திரிகைக்காரனுக்கு உரிய கெட்ட பழக்கம் ஒன்று எனக்கும் உண்டு. தொகையைக் கேட்டவுடன் தலையங்கம் மனதில் ஓடத் தொடங்கிவிடும். உவர் நீர்க் கிணறுகளும் பூட்டிய வீடுகளும் நிறைந்த இந்தத் தீவின் நடுவே நின்றுகொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் காரை இன்னும் வேகமாக ஓடவைக்கப் பணத்தைக் கொட்டுவது தகுமா என்று ஒரு பிரசங்கத்தை ஆரம்பிக்க வாயெடுத்தேன். நல்ல வேளையாக ஆரம்பிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி முதலில் கேட்டு அறிவோம் என்று எண்ணிக் கேட்டேன். கலைப்பீடத்தில் படித்தவனுக்கும் விளங்கும்படி அவன் விளக்கினான்.

காரின் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எரிபொருளைத் திறந்துவிடுகிறோம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில், பெற்றோல் எஞ்சினில் நாம் திறப்பது காற்றின் வழியை. ஒரு குழாய்க்குள் நாணயம் போன்ற வட்டத் தகடு ஒன்று அச்சில் திரும்புகிறது. அதுதான் திரொட்டில். உட்செல்லும் காற்றின் அளவுக்கு ஏற்ப எரிபொருள் சேர்க்கப்படுகிறது. சாதாரண கார்களில் இத்தகைய தகடு ஒன்றே இருக்கும். அதைக் கடந்த காற்று ஒரு பொது அறைக்குள் புகுந்து, அங்கிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் பிரிந்து செல்லும். மிதித்தவுடன் அந்த அறை நிரம்ப வேண்டும். கண்ணிமைக்கும் நேரம்தான் என்றாலும், அது தாமதமே. தனித்தனித் திரொட்டில் உள்ள எஞ்சினிலோ தகடு வால்வுக்கு மிக அருகில் இருக்கிறது. நிரம்ப வேண்டிய இடம் சிறிது. கால் அசைந்ததும் எஞ்சின் பதில் சொல்லும்.

வேறொரு நன்மையும் உண்டு. பந்தய எஞ்சின்களில் வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைத்திருக்கும் காம் சாப்டுகளைப் போடுவார்கள். அப்போது குறைந்த வேகத்தில் ஒரு சிலிண்டரின் வாயு பின்னோக்கித் தள்ளி, பொது அறை வழியாகப் பக்கத்துச் சிலிண்டரின் மூச்சையும் குழப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். இது புதுமையான எண்ணமும் அன்று. 1986இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ எம்3இல் நான்கு திரொட்டில்கள் இருந்தன. 1989இன் நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆரில் ஆறு. 1991இல் ரொயோட்டா தன் 1600 சி.சி. எஞ்சின் ஒன்றுக்குத் தொழிற்சாலையிலேயே நான்கைப் பொருத்தியது. பெரிய பந்தய மோட்டார் சைக்கிள்களில் இது வழமையான ஏற்பாடு.

இவ்வளவையும் கேட்டபோது எனக்கு ஒருவருடைய நினைவு வந்தது. மருமகனை அவரிடம் அழைத்துச் சென்றேன்.

அவரை ஊரில் எல்லோரும் 'அண்ணை' என்றுதான் அழைப்போம். எழுபதைத் தாண்டியவர். பூவரச மர நிழலில் தகரக் கொட்டில் ஒன்று. நீர் இறைக்கும் இயந்திரங்கள், ஓட்டோக்கள், லான்ட்மாஸ்டர்கள், எப்போதாவது குறிகட்டுவானிலிருந்து வரும் படகு எஞ்சின் ஒன்று என அவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். கொட்டிலின் மூலையில் அவருடைய சொந்த மொறிஸ் மைனர் நிற்கிறது. இளமையில் கொழும்பில் தொழில் பழகியவர். 1983க்குப் பின் ஊர் திரும்பினார். 1991இல் ஊரே இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாண நகருக்குச் சென்று அங்கே ஒரு கராஜில் வேலை செய்தார். அங்கேதான் நானும் அவரை நெருக்கமாக அறிந்தேன்.

அந்தக் காலத்தை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. தடுக்கப்பட்ட பொருள்களில் பெற்றோலும் மின்கலங்களும் அடங்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ஆயினும் கார்கள் ஓடின. ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் அப்படியே. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இன்றும் என் நாசியில் இருக்கின்றன. செய்தி சேகரிக்க நான் ஓடிய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது. சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோலைப் பொன்போலக் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று அந்நாளில் நான் ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது மருமகன் கேட்டான். அண்ணை சொன்னார்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவேதான் தொடங்குவதற்குப் பெற்றோல். சூடான பின்னரும் அது பெற்றோலைப் போல அமைதியாக எரியாது. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன் தானாகவே வெடித்து 'டொக் டொக்' என்று தட்டும். ஐம்பதுகளின் கார்கள் தப்பியதற்குக் காரணம் அவற்றின் தாழ்ந்த அழுத்தம். அவை காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ ஏழில் ஒன்றாகத்தான் நெருக்கின. பிற்காலக் கார்கள் ஒன்பது, பத்தில் ஒன்றாக நெருக்குகின்றன. பழைய காருக்கும் அப்படியே விட்டால் போதாது. தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும். கலவையைத் திருத்த வேண்டும். பிளக்கில் படியும் கரியை அடிக்கடி துடைக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்; ஆகவே ஒயிலையும் கண்காணிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளுக்கு மாறும்படியே செய்யப்பட்டது. அதை வடிவமைக்கத் தொழிற்சாலையும் பொறியியலாளரும் இருந்தார்கள். நமது மெக்கானிக்குகளிடம் இருந்தவை ஸ்பனரும் காதும்தான். ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் கல்யாண வீட்டுக்கு மணமகளையும் அவர்கள் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அண்ணையிடம் மருமகன் தன் நான்கு திரொட்டில் திட்டத்தைச் சொன்னான். கைத்தொலைபேசியில் படங்களையும் காட்டினான். எக்காளம் போல வாய் விரிந்த நான்கு அலுமினியக் குழாய்கள். அண்ணை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. இதுக்கு முன்னால வடி எங்க, தம்பி?"

காற்று வடி இல்லாமலும் சிலர் ஓடுவார்கள், சத்தம் நன்றாக இருக்கும் என்றான் மருமகன்.

"லண்டனில ஓடலாம். இஞ்ச வாணர் பாலத்தில காத்தடிக்கேக்க ஓடினா, உப்பும் மணலும் நேர சிலிண்டருக்குள்ள போகும். சத்தம் நல்லாத்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்கு."

பிறகு அவர் கேட்டவை எல்லாம் கேள்விகளே. நாலு தகடும் ஒரே அளவு திறக்கிறதென்று எப்படி அறிவாய்? உள்ளே போகும் காற்றை இப்போது ஒரு குழாயில் அளக்கிறது உன் கார். அந்தக் குழாயைக் கழற்றியபின் எதைக் கொண்டு அளக்கும்? பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை எங்கிருந்து எடுப்பாய்? உள்ளிருக்கும் காம் சாப்ட் பழையதுதானே, அது எவ்வளவு மூச்சைக் கேட்கும்?

மருமகனுக்குச் சிலவற்றுக்கு விடை தெரிந்திருந்தது. காற்றை அளப்பதற்குப் பதிலாகத் தகடு திறந்த கோணத்தையும் எஞ்சின் சுழலும் வேகத்தையும் கொண்டு எரிபொருளைக் கணிக்கும் வேறொரு கணினிப் பெட்டி போட வேண்டும். அதற்குள் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு வேகத்துக்கும் அட்டவணை எழுத வேண்டும். நான்கு குழாய்களிலிருந்தும் வெற்றிடத்தைச் சேர்த்தெடுத்துப் பிரேக்குக்குக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கராஜ்காரர் செய்து தருவார் என்றான். காம் சாப்டையும் சிலிண்டர் தலையையும் தொடாமல் திரொட்டிலை மட்டும் மாற்றினால் சக்தி பெரிதாகக் கூடாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டான்.

"அப்ப கராஜ்காரன் படிப்பான். நீ காசு குடுப்பாய்," என்றார் அண்ணை.

சொல்லிவிட்டு எழுந்து, சுவரில் தொங்கிய ஒரு முழ நீள இறப்பர்க் குழாயை எடுத்துவந்தார். கொழும்பில் பழகிய காலத்தில் இரட்டைக் காபரேற்றர் பூட்டிய எம்.ஜி. கார்களுக்கு அவர் வைத்தியம் பார்த்தது இத்தகைய குழாயினால்தானாம். ஒரு முனையைக் காபரேற்றரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால், காற்று உறிஞ்சப்படும் ஓசை கேட்கும். இரண்டிலும் ஒரே ஓசை வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். மொறிஸ் மைனரை உயிர்ப்பித்து, குழாயை மருமகனின் காதில் வைத்தார். திருகாணியைச் சற்றுத் திருப்பினார்.

"மாறுது, அங்கிள்!" என்றான் அவன். அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அந்தப் பயணத்தில் நான் காணவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினை மேம்படுத்துவதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மிடம் உண்டு. பிள்ளை வைத்தியனாகவோ கணக்காளனாகவோ வந்தால் போதும். கையில் கிறீஸ் படக்கூடாது. அந்த மனப்பான்மையே எனக்கும் அன்று காலை பிரசங்கம் எழுதிக் கொடுத்தது. ஆனால் நான்கு திரொட்டிலை ஒத்திசையச் செய்வதும் மண்ணெண்ணெயில் மொறிஸை ஓடவைத்ததும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள். காற்று எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, தீ எப்போது என்ற மூன்று கேள்விகளே இரண்டுக்கும் அடிப்படை. ஒருவன் ஆசைக்காகக் கேட்கிறான். மற்றவர் வேறு வழியின்றிக் கேட்டார். கேள்வி ஒன்றுதான்.

விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு நாம் தரும் மதிப்பை, அதை இயங்கவைக்கும் கைக்குத் தருவதில்லை என்பதே என் ஆதங்கம். மருமகனிடம் மட்டும் அதைச் சொல்வது நியாயமாகாது. முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன். அரசியல்வாதிகளுக்கு இரங்கல் எழுதினேன். கவிஞர்களுக்கு எழுதினேன். தடைக்காலத்தில் குடாநாட்டின் சில்லுகளை உருளவைத்த ஒரு மெக்கானிக்கைப் பற்றி ஒரு பத்தியும் எழுதவில்லை. அவர்கள் சரிசெய்த வாகனத்தில் ஏறித்தான் நான் செய்திக்கே போனேன். செய்தி என் இருக்கைக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்கவில்லை.

அவர்களுள் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிறது. அவர்கள் கண்டறிந்தவை எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. 2022இல் எரிபொருளுக்காக இலங்கை முழுவதும் வரிசையில் நின்றபோது, இருக்கும் எரிபொருளைக் கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்க எத்தனை பேருக்குத் தோன்றியது? புதிய வாகன இறக்குமதி 2020 முதல் 2025 தொடக்கம் வரை நிறுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில், பழைய கார்களை ஓடவைத்தவர்களும் இந்தக் கைகளின் வாரிசுகளே.

புலம்பெயர்ந்த புங்குடுதீவார் ஊருக்குச் செய்வது கொஞ்சமன்று. கோயில்களையும் பாடசாலைகளையும் அவர்களின் உழைப்பு தாங்கி நிற்கிறது. அத்தோடு ஒரு சிறு பட்டறையையும் எண்ணிப் பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள். அண்ணை போன்ற ஒருவர், பழைய எஞ்சின்கள் இரண்டு, கணினியில் எரிபொருள் அட்டவணை எழுதத் தெரிந்த லண்டன் பிள்ளை ஒருவன் விடுமுறையில் வந்து நிற்கும் மூன்று வாரங்கள். தொடங்குவதற்கு இவை போதும்.

புறப்படும்போது மருமகன் அண்ணையிடம் கேட்டான்: "அப்ப நான் நாலு திரொட்டில் போடலாமோ, வேண்டாமோ?"

"போடு தம்பி. ஆனா நீயே போடு. பிழைச்சா நீயே கழட்டு. திரும்பவும் போடு."

இவ்வாண்டு வாங்குவதில்லை என்று அவன் முடிவு செய்திருக்கிறான். முதலில் இருக்கும் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகப்போகிறானாம். இறப்பர்க் குழாயை அண்ணை அவனுக்கே கொடுத்துவிட்டார். நான் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணையின் முன்னால் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்க் காலத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லி எழுதப்போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.