வெங்காயம் இல்லாத பொருளியல்

தில்லியில் 1998-ஆம் ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஆட்சியைப் பறிகொடுத்ததில் வெங்காய விலைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே தலைநகரின் மேனிலைப் பள்ளி வகுப்பறைகளிலோ, விலை என்பது கரும்பலகையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. பிறகு, மாணவர்களுக்குப் பொருளியலில் ஆர்வமில்லை என்று புலம்பிப் பயனென்ன?

2005 தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட 9-ஆம் வகுப்புப் பொருளாதார நூல், பாலம்பூர் என்ற கற்பனைக் கிராமத்தில் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் மாவட்டக் கிராமம் ஒன்றைப் பற்றிய ஆய்வை ஓரளவு தழுவிய பாடம் அது. கிராமத்தில் 450 குடும்பங்கள்; நிலத்தின் பெரும்பகுதி 80 மேல்சாதிக் குடும்பங்களிடம்; அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியும் கிடைக்காத டாலா என்ற நிலமற்ற தொழிலாளி. உற்பத்திக் காரணிகளை மனப்பாடம் செய்யும் முன்பே, நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்க 14 வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பளித்தது அந்தப் பாடம்.

12-ஆம் வகுப்பில் பாலம்பூர் மறைந்துவிடுகிறது. நுண்பொருளியல் நூலை நிறைப்பவை இறுதிநிலைப் பயன்பாடும் சமநோக்கு வளைகோடுகளும்தான். வளைகோடுகள் தேவையற்றவை என்று எவரும் வாதிட மாட்டார்கள். பிரச்னை முதலில் வந்து, அதை விளக்கும் கருவியாகக் கோடு பின்னால் வந்திருக்க வேண்டும்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரபி பருவ இருப்பு கரையும் வேளையில், மகாராஷ்டிரத்தில் மழை காரீஃப் பயிரைக் கெடுத்தால், தில்லி ஆஸாத்பூர் மண்டியில் விலை எகிறுகிறது. விலை இருமடங்கானாலும் வீடுகளில் நுகர்வு பாதியாகிவிடுவதில்லை. தேவையின் நெகிழ்ச்சியின்மை என்பது இதுதான். 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அத்தகைய தடையால் தலைநகரின் சமையலறை பெறும் ஆறுதலுக்கு விலை கொடுப்பவர் நாசிக் விவசாயி. அது நியாயமா என்று கேட்டால், உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும்.

சி.பி.எஸ்.இ. மேனிலை வகுப்புப் பொருளியலில் செயல்திட்டத்துக்கு 20 மதிப்பெண் உண்டு. வழவழப்பான அட்டைக்கும் நகலெடுத்த பக்கங்களுக்கும் அதை வாரி வழங்குவதைவிட, ஒரு பருவம் முழுவதும் மண்டி விலையையும் தெருக்கடை விலையையும் குறித்துவந்து, இடைவெளி யாருக்குப் போகிறது என்று ஆராய்ந்த மாணவருக்குக் கொடுக்கலாம். எஞ்சிய 80 மதிப்பெண்ணிலும், இரு தரப்பு நியாயத்தையும் எடைபோட்டு எழுதவேண்டிய கேள்வி ஒன்றேனும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தேர்வில் வராததை நடத்த எந்த ஆசிரியருக்கும் நேரமிருப்பதில்லை.