பிட் தேய்ந்தால் வேறு வாங்கலாம்



நம் குடும்பக் குழுவில் இரண்டு நாட்களாக ஒரே பேச்சு. குளியலறையில் கண்ணாடி மாட்ட ஓட்டை போட வந்தவர் வேலையில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டுவிட்டதாம். கூலியில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று நம் பக்கமெல்லாம் கட்டட வேலை ஓயாமல் நடக்கிறது. இன்று இல்லாவிட்டால் நாளை உங்கள் வீட்டிலும் டிரில் மெஷின் சத்தம் கேட்கும்.

முதலில் ஒரு சின்ன அறிவியல் பாடம். கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் ஜிப்சம் 2, நம் நகம் சுமார் 2.5, எஃகுக் கத்தி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7, வைரம் 10. மென்மையானதைக் கொண்டு கடினமானதைக் கீற முடியாது. சாதாரணச் சுவர் டைல்ஸ் ஓரளவு தண்ணீர் குடிக்கும். கார்பைடு முனை வைத்த டைல்ஸ் பிட் அதற்குப் போதும். இப்போது எல்லோரும் விரும்பிப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் அப்படியில்லை. மிக அதிக வெப்பத்தில் சுட்டு இறுகியது, தண்ணீரை அனேகமாக உறிஞ்சாது. அதற்கு வைரத்தூள் பதித்த பிட்தான் வேண்டும். சுவருக்கான கான்கிரீட் பிட்டைப் போட்டு ஹாம்மரையும் ஓட விட்டால் அது டைல்ஸை அறுக்காது, குத்தும். குத்தினால் விரிசல் விடத்தான் செய்யும்.

"பூச்சு மெத்துதானே, அதற்கு எந்த பிட் ஆனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சிமெண்ட் பூச்சு உதிர்வது உண்மைதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் மணல். ஆற்று மணலாகட்டும், கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட் ஆகட்டும், அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு துகளும் பிட்டின் முனைக்கு உப்புத்தாள் போலத்தான். ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் போர்டை அறுக்கும் சுழல் பிட் அங்கே நெடுநாள் உழைக்கும். அதையே சிமெண்ட் பூச்சில் ஓட்டினால் சீக்கிரம் மழுங்கிவிடும். இதில் பிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலைக்கேற்ற பிட் அது இல்லை, அவ்வளவுதான்.

பிட்டின் இன்னொரு எதிரி சூடு. கார்பைடு முனையை எஃகுத் தண்டில் பற்றவைத்திருப்பார்கள். சூடு மிஞ்சினால் அந்தப் பற்று இளகி முனையே கழன்றுவிடும். வைரமும் கடும் சூட்டில் கெடும். அதனால் மெதுவான வேகம், லேசான அழுத்தம், ஹாம்மரை அணைத்து வைத்தல், இடையிடையே ஈரப் பஞ்சால் குளிர வைத்தல் ஆகிய நான்கும் முக்கியம். டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் போனபின் பிட்டை மாற்றி ஹாம்மரைப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீரை மெஷின் மேல் ஊற்றிவிடாதீர்கள், மின்சாரம் விளையாட்டில்லை.

இதெல்லாம் வேலை செய்பவருக்குத் தெரியாதா? பெரும்பாலும் தெரியும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "ஓர் ஓட்டைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசி, அரை மணியில் முடித்துவிட்டுப் போகச் சொல்கிறோம். நல்ல பிட்டுக்கும், மெதுவாகச் செய்ய ஆகும் நேரத்துக்கும் அந்தக் கூலியில் இடமே இல்லை. டைல்ஸ் உடைந்ததும் பழியை மட்டும் அவர் தலையில் போடுகிறோம்.

டைல்ஸ் உடைந்தால் மாற்றிவிடலாம். எனக்குப் பெரிய கவலை தூசியைப் பற்றியது. கட்டிங் மெஷினால் டைல்ஸையும் கிரானைட்டையும் காய்ந்தபடியே அறுக்கும்போது வெண்புகை போல எழுகிறதே, அதில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் இருக்கிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். பல ஆண்டுகள் அப்படிச் சேர்ந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்துகளைத் தடுக்காது.

மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்று ஓர் ஊர். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கற்பலப்பம் அறுக்கும் தொழில் அங்கே பெரிதாக நடந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்து இளம் வயதிலேயே சிலிகோசிஸால் இறந்தவர்கள் பலர். பலகையும் பலப்பமுமாகப் பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு, இதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நம் ஊரிலோ 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் இருக்கிறது. ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று தாம்பரத்துக்காரர்களுக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. வீட்டில் வேலை வைத்தால் சரியான பிட்டுக்கும் பிளேடுக்கும் ஆகும் காசை நீங்களே கொடுங்கள். ஈரமாக அறுக்கச் சொல்லுங்கள். அதனால் ஆகும் கூடுதல் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். என்-95 முகக்கவசம் இரண்டு வாங்கி வையுங்கள். அறுக்கும் இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். "காஸ்ட்லி டீச்சர்" என்று சொல்லாதீர்கள். டைல்ஸ் வாங்கும்போது சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடினாலும் பளபளப்புக்காகக் கொடுக்கிறோம்தானே?

இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் இந்த மாதமே செய்யுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. இருமல் விடாமல் இருந்தால், சானடோரியம் மருத்துவமனையில் காட்டும்போது உங்கள் தொழில் என்ன என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த பிட் எத்தனை ஓட்டை தாங்குகிறது என்று உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். படிக்கிறவர்களுக்கு அது உதவும். குடும்பக் குழுவில் கேட்டவர்களே, அந்த மனிதருக்கு முழுக் கூலியையும் இன்றே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்