உதிரிப்பூவா, தொடுத்த மாலையா?

பியானோ பயிலும் நம் மாணவியரிடம், பாக் இயற்றிய ‘கவோட்’ வாசிக்க வருமா என்று கேட்டால் பலரும் வரும் என்பர். அது எதன் பகுதி, அதற்கு முன்னே என்ன, பின்னே என்ன என்று கேட்டால் விழிப்பர். குற்றம் அவர்களுடையது அன்று. தேர்வுக்கு ஒரு துண்டு, விழாவுக்கு ஒரு துண்டு என்று கிள்ளிக் கொடுத்தே பழகிவிட்டோம். இப்பழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகை இசைக்கு ‘ஸ்வீட்’ என்று பெயர். உடனே மிட்டாய்க்கடை நினைவுக்கு வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல! ‘தொடர்ந்து வருவது’ என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பல நடன இசைகளை ஒரே சுருதியில் கோத்துத் தொடுத்த மாலை அது. 17 ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று, 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக், ஹாண்டெல் ஆகியோர் கையில் நிறைவு கண்டது. நான்கு நடனங்கள் அதற்குத் தூண்கள். அல்மாந்து ஜெர்மனியின் பெயரைத் தாங்கியது, நிதானமாக நடப்பது. கூராந்து என்றால் ஓடுவது. சரபாந்து ஸ்பெயின் வழியாக வந்தது. ஜீக், ஆங்கில, ஐரிஷ் மக்களின் துள்ளல் ஆட்டத்திலிருந்து பிறந்தது. இவற்றின் நடுவே மினுவே, கவோட், பூரே போன்ற சிறு நடனங்களை இசையமைப்பாளர் தம் விருப்பம்போல் சேர்த்துக்கொள்வார்.

இவற்றுள் சரபாந்தின் வரலாறு சுவையானது. அருட்சகோதரியர் எங்களைப் பொறுத்தருள்வார்களாக! அடக்கமற்ற ஆட்டம் என்று 1583 இல் ஸ்பெயினில் அது தடை செய்யப்பட்டது. அதே நடனம் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சென்று, நூறு ஆண்டுகளுக்குள் ஸ்வீட்டிலேயே மிகவும் மெதுவான, மிகவும் கம்பீரமான பகுதியாகிவிட்டது. மூன்று தட்டுத் தாளத்தில் இரண்டாம் தட்டில் சற்றே நின்று செல்லும் அந்த நடையைக் கேட்டால், கண்மூடிச் செபிக்கத் தோன்றுமேயன்றி ஆடத் தோன்றாது.

கவோட்டுக்கு வருவோம். அது பாக்கின் ‘பிரெஞ்சு ஸ்வீட்’ ஆறனுள் ஐந்தாவதில் உள்ளது. (பிரெஞ்சு என்ற பெயரைப் பாக் இடவில்லை, அவருக்குப்பின் வந்தவர்கள் இட்டது.) பாக் 1721 இல் அன்னா மகதலேனா என்ற பாடகியை மணந்தார். அவர்களுடைய இல்லத்தில் 1722 இல் தொடங்கிய இசை ஏடு ஒன்றில் இந்த ஆறில் முதல் ஐந்தும் இடம்பெற்றுள்ளன. மேடைக்கென்று அல்ல, வீட்டில் வாசிக்கவென்று எழுதிய இசை என்பதை இதனால் அறியலாம். ஐந்தாவதில் ஏழு நடனங்கள். ஏழும் ஜி மேஜரில் அமைந்தவை. ஒவ்வொன்றும் இரு பாதிகள் கொண்டது. முதற்பாதி ஜியில் புறப்பட்டு டியில் போய் நிற்கும். இரண்டாம் பாதி சுற்றி அலைந்து ஜிக்கே வீடு திரும்பும். ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிக்க வேண்டும். ஒரே பாதையில் ஏழு பயணங்கள். ஆனால் ஒன்றில் நடை, ஒன்றில் ஓட்டம், ஒன்றில் தியானம், ஒன்றில் துள்ளல். சரபாந்து நீண்டு, அமைதியில் தோய்ந்து முடிந்த அக்கணத்தில், இரண்டு எட்டு முன்வைத்துத் தாளத்துக்குள் நுழைகிறதே கவோட், அந்த மலர்ச்சியைத் தனிக் கவோட்டில் எப்படிக் காண்பது? கடைசியில் வரும் ஜீக்கில் பாக் ஒரு வேடிக்கை செய்கிறார்: முதற்பாதியின் மெட்டை இரண்டாம் பாதியில் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார். ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும்.

முழுவதுமாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கற்பனை அன்று. ஸ்பெயினில் ஒரு பங்குக்கோயில் ஆர்கன் வாசிப்பவரின் மகனாகப் பிறந்த பாப்லோ கசால்ஸ், 1890 இல், தமது 13 ஆம் வயதில், பார்சலோனாவின் பழைய கடை ஒன்றில் பாக்கின் ஆறு செல்லோ ஸ்வீட்டுகளின் அச்சுப்பிரதியைக் கண்டெடுத்தார். அக்காலத்தில் அவற்றை வெறும் விரற்பயிற்சி என்றே கருதினர். மேடையில் வாசித்தாலும் ஒரு சரபாந்தையோ கவோட்டையோ பிய்த்து வாசிப்பார்கள். கசால்ஸ் ஏறக்குறைய 12 ஆண்டுகள் தனியே பயின்ற பிறகே அவற்றை மக்கள் முன் வாசித்தார். ஒரு ஸ்வீட்டை முதலிலிருந்து இறுதிவரை முழுதாக வாசித்தார். 1936 முதல் 1939 வரை ஆறையும் ஒலிப்பதிவு செய்தார். பயிற்சிப் பாடம் என்று ஒதுக்கப்பட்டவை உலகப் புகழ் பெற்றது அதன் பின்னரே. பாக் கைப்பட எழுதிய செல்லோ ஏடு தொலைந்துபோயிற்று. நமக்கு அவை கிடைத்ததற்குப் பெருங்காரணம் அன்னா மகதலேனா பொறுமையோடு பார்த்தெழுதிய படி. பெண்கள் பள்ளி மலரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

சைக்கோவ்ஸ்கி, கிரீக் போன்றோரும் ‘ஸ்வீட்’ எழுதினார்களே, அவை பாலே நடனத்திலிருந்தும் நாடகத்திலிருந்தும் பொறுக்கி எடுத்த துண்டுகள்தாமே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தியவர் இசையமைப்பாளரே. நாம் கிள்ளுவது வேறு.

நேரம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. ஐந்தாம் ஸ்வீட் முழுவதற்கும் ஏறக்குறைய இருபது நிமிடம் போதும். விழாவில் வரவேற்புரைக்கே அதைவிடக் கூடுதலாக ஆவதுண்டு. ஒரே மாணவி ஏழையும் கற்பது கடினம் என்பார்கள். அதையும் ஒப்புகிறோம், ஜீக் ஒன்றே ஓர் ஆண்டு வேலை. பெற்றோர் தம் மகளின் பெயர் தனியாக அறிவிக்கப்படுவதைக் கேட்க விரும்புவார்கள் என்பதையும் அறிவோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. வரும் ஆண்டு விழாவில் ஏழு மாணவியர் ஏழு நடனங்களை, இடையில் கைதட்டலும் அறிவிப்பும் இன்றி, வரிசையாக வாசிக்கட்டும். பெயர்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே படித்துவிடலாம். எட்டாம் வகுப்பு மாணவிக்குக் கவோட், மூத்த மாணவிக்கு ஜீக், நிதானம் உள்ளவளுக்குச் சரபாந்து. கூராந்துக்கு இப்போதே மூவர் போட்டி. மெதுவாக நொண்டி நடக்கும் லூரை எடுத்துக்கொள்ளத்தான் இதுவரை எவரும் முன்வரவில்லை.