திரையில் ஒன்று, நினைவகத்தில் இன்னொன்று

விண்டோஸில் ஓடும் பில்லிங் மென்பொருள் எதையாவது திறந்து பாருங்கள். பெயர், விலை, தேதி என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். பெட்டியில் தெரிவதுதான் கணினியிடம் இருக்கிறது என்று நம்பித்தான் தட்டச்சு செய்கிறோம். ஆனால் அங்கே இருப்பவை இரண்டு. திரையில் தெரியும் எழுத்து ஒன்று. நிரலுக்குள், ஓர் ஆப்ஜெக்ட்டின் ப்ராப்பர்ட்டியாக நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் மதிப்பு இன்னொன்று. ‘சேவ்’ செய்யும்போது டேட்டாபேஸுக்குப் போவது இரண்டாவதுதான். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் ஏற்பாட்டுக்கு டேட்டா பைண்டிங் என்று பெயர். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் கவுன்ட்டரில் உட்காருபவர்களின் ஒரு நாள் வேலை அதன் மேல்தான் நிற்கிறது.

பைண்டிங் இல்லாத காலத்தில் இதைக் கையால் எழுதினோம். படிவம் திறந்ததும் ஆப்ஜெக்ட்டிலிருந்து பெட்டிக்கு ஒரு வரி, சேவ் செய்யும்போது பெட்டியிலிருந்து ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு வரி. முப்பது பெட்டிகள் என்றால் அறுபது வரிகள். முப்பத்தோராவது பெட்டியைச் சேர்க்கும்போது திரும்பி வரும் வரியை யாராவது மறந்துவிடுவார்கள். வாடிக்கையாளரின் புதிய போன் நம்பர் சேமிக்கப்படாமலே போகும். இந்தச் சலிப்பைப் போக்கத்தான் 1993-ல் வந்த விஷுவல் பேசிக் 3, 1995-ல் வந்த டெல்ஃபி, 2003-ல் மேக்கில் வந்த கோகோ பைண்டிங்ஸ் எல்லாம் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தன. விண்டோஸ் திரைகளை எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் 2006-ல் வந்தபோது, பெட்டியின் வரையறையிலேயே ‘இந்த ப்ராப்பர்ட்டியோடு கட்டு’ என்று ஒரே சொற்றொடரில் எழுத முடிந்தது. ப்ராப்பர்ட்டி மாறினால் ஆப்ஜெக்ட் ஒரு குரல் கொடுக்கும், பெட்டி தன்னைத் திருத்திக்கொள்ளும். பெட்டியில் தட்டினால் மதிப்பு ஆப்ஜெக்ட்டுக்குப் போகும். நல்ல ஏற்பாடு. இன்றும் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் எப்போது போகும்? மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதைக் கேட்காமலே நிரல் எழுதுபவர்கள் நிறையப் பேர் என்பதுதான் என் வருத்தம்.

டபிள்யூபிஎஃப்-ல் டெக்ஸ்ட்பாக்ஸுக்கு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியேறும்போதுதான் மதிப்பு ஆப்ஜெக்ட்டுக்குப் போகும். குறிப்பேட்டில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றுவது போல, ஏற்றும் வரை கணக்கு பழையதுதான். இதற்கு நியாயமான காரணம் உண்டு. தப்பாக அடித்ததை அழித்துத் திருத்த ஆளுக்கு அவகாசம் வேண்டும்; ஒவ்வொரு எழுத்துக்கும் சரிபார்ப்பு ஓடினால் படிவம் மந்தமாகும். சரிதான். இப்போது விலைப் பெட்டியில் 450 இருக்கிறது, அதை 540 ஆக்கிவிட்டு கர்சரை நகர்த்தாமல் கன்ட்ரோல்-எஸ் அடியுங்கள். கர்சர் வெளியேறவே இல்லை. திரையில் 540, ஆப்ஜெக்ட்டில் 450. சேமிக்கப்படுவது 450. டூல்பாரில் இருக்கும் சேவ் பட்டனை மவுஸால் அழுத்தினாலும் இதே கதைதான். டபிள்யூபிஎஃப் டூல்பாரைத் தனி ஃபோகஸ் வட்டமாக வைத்திருப்பதால், பட்டனை அழுத்தினாலும் பெட்டி ‘நான் இன்னும் என் இடத்தில்தான் இருக்கிறேன்’ என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒரு மருந்துக்கடையில் பில் போடும் பெண் ஒவ்வொரு முறையும் டேப் அடித்துவிட்டே சேவ் செய்வதைக் கவனித்தேன். ஏனம்மா என்று கேட்டதற்கு, “டேப் அடிக்கலைன்னா ஏறாது சார். புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல அதைத்தான் சொல்லிக் குடுப்போம்” என்றார். அந்த மென்பொருள் எதில் எழுதப்பட்டது என்று தெரியவில்லை. ஆனால் அதை எழுதியவர் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டிருக்கிறார், அதன் சுமை அந்தக் கடையின் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சேவ் ஓடுவதற்கு முன் அந்தப் பெட்டியின் பைண்டிங்கை ‘இப்போதே ஏற்று’ என்று சொல்ல ஓரிரு வரிகள் போதும்.

அப்படியானால் எழுத்துக்கு எழுத்து ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பெயருக்கு அது சரி. எண்ணுக்குச் சரிவராது. டபிள்யூபிஎஃப்-ஐத் தாங்கும் டாட்நெட்டின் 4.5 பதிப்பு வந்த பிறகு, தசம எண்ணோடு கட்டிய பெட்டியில் 12.5 அடிக்க முயன்றவர்கள் திகைத்துப்போனார்கள். ‘12.’ என்று அடித்ததும் அது 12 என்ற எண்ணாக மாறி ஆப்ஜெக்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து 12 என்றே திரும்பி வருகிறது. புள்ளியைக் காணோம். திரும்ப அடித்தாலும் காணோம். பாதி அடித்த எண் இன்னும் எண் ஆகவில்லை என்பது அடிக்கிறவருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது தேதி. விண்டோஸில் நீங்கள் இந்திய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், டபிள்யூபிஎஃப் பைண்டிங் அதைப் பார்ப்பதில்லை. வேறு சொல்லாதவரை அது அமெரிக்க ஆங்கிலம் என்றே வைத்துக்கொள்ளும், அதாவது மாதம் முதலில், நாள் பிறகு. மருத்துவமனைப் பதிவுப் படிவத்தில் ஒரு குழந்தையின் பிறந்த தேதியை 25/03/2024 என்று அடித்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாது, பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். அது நல்லது, ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். 05/03/2024 என்று அடித்தால் கோடு விழாது. மார்ச் 5-ல் பிறந்த குழந்தை, ஆப்ஜெக்ட்டுக்குள் மே 3-ல் பிறந்ததாகிவிடும். பெட்டியில் தேதியை மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் 5/3/2024 என்றே தெரியும். பார்ப்பவருக்குச் சரியாகவே இருக்கும். அந்தத் தேதியை வைத்துத் தடுப்பூசி நாளைக் கணக்கிட்டால் இரண்டு மாதம் தள்ளிப்போகும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் தேதி மட்டும் தப்பும், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் புரண்டுவிடும். நிரல் தொடங்கும் இடத்தில், இந்தக் கணினியின் மொழியையே எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு கட்டளை எழுதினால் இது தீர்ந்துவிடும். ரூபாயும் 123,456 என்று நிற்காமல் 1,23,456 என்று வரும்.

சிவப்புக் கோட்டைப் பற்றி இன்னொன்று. தேதியாகவோ எண்ணாகவோ மாற்ற முடியாமல் கோடு விழுந்த பெட்டியின் மதிப்பு ஆப்ஜெக்ட்டுக்குப் போயிருக்காது. அங்கே பழையது அப்படியே இருக்கும். சேவ் பட்டனை நாம் முடக்கவில்லை என்றால் அந்தப் பழையதுதான் சேமிக்கப்படும், ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியோடு. ப்ராப்பர்ட்டியின் பெயரில் எழுத்துப்பிழை வந்தாலும் நிரல் நிற்காது. பெட்டி காலியாக இருக்கும், விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் சாளரத்தில் ஒரு வரி ஓடும். அதை யாரும் படிப்பதில்லை.

இதே போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான க்யூட்டியில் (Qt) பைண்டிங்குக்கான வகுப்புக்கு இரண்டு போக்குகள் உண்டு: பெட்டியை விட்டு நகர்ந்ததும் தானாகவே ஏற்றுவது, நாம் சொல்லும்போது மட்டும் ஏற்றுவது. டபிள்யூபிஎஃப்-லும் இரண்டாவது வழி இருக்கிறது. பணம், தேதி, மருந்தின் அளவு இருக்கும் படிவங்களுக்கு எனக்கு அந்த இரண்டாவது வழிதான். சேவ் அடித்தால் எல்லாப் பெட்டியும் சேர்ந்து ஏற வேண்டும், ஒன்று தவறாக இருந்தாலும் எதுவும் ஏறக்கூடாது, கேன்சல் அடித்தால் எல்லாம் பழையபடி திரும்ப வேண்டும். கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், படிவத்தை ஒப்படைக்கும் முன் மவுஸைத் தொடாமல் நான்கு காரியம் செய்யச் சொல்கிறேன்: விலையை மாற்றி டேப் அடிக்காமல் கன்ட்ரோல்-எஸ், எண்ணில் 12.5, தேதியில் 25/03, பிறகு 05/03. ஒவ்வொன்றுக்கும் பிறகு திரையைப் பார்க்க வேண்டாம், டேட்டாபேஸின் டேபிளைத் திறந்து அங்கே என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.