கவனக்குறைவு யாருடையது?



சம்பளப் பாக்கி, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று இந்த ஏட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறோம். அடுப்பைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. அது பெண்கள் சமாச்சாரம், சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று நினைத்திருந்தோம். அந்த நினைப்பு தவறு என்று ஒப்புக்கொள்ளவே இம்மாதம் பேனாவை எடுத்திருக்கிறோம்.

பொதிகை மலைக்கு இந்தப் பக்கம், விதுராவையும் தாண்டிக் காட்டு வழியே ஏறினால் போனக்காடு. திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தேயிலை பறிக்க வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் லயங்களில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சக்கரம் நின்று பல ஆண்டுகள் ஆயின. கூலிப் பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் நடந்த போராட்டங்களை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒழுகும் கூரைக்கு மேலே தார்ப்பாய் போர்த்தித்தான் பல குடும்பங்கள் மழைக்காலத்தைக் கழிக்கின்றன.

அந்த லயத்து வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். தரையோடு தரையாக அடுப்பு. அடுப்புக்கு மேலே மழையில் நனைந்த விறகை உலர்த்தப் பரண். எட்டடி தள்ளிப் பாய் விரித்துக் குழந்தை தூங்குகிறது. சுவரில் அந்தக் காலத்து ஒயர், கொடியில் துணி, மூலையில் மண்ணெண்ணெய். வாசல் ஒன்றுதான். இந்த வீட்டில் ஒரு நாள் தீப்பிடித்தால், அல்லது கொதிக்கும் கஞ்சி குழந்தைமேல் கவிழ்ந்தால், என்ன எழுதுவார்கள்? “தாயின் கவனக்குறைவு.” இரண்டே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுவார்கள்.

நாம் கேட்கிறோம்: கவனக்குறைவு யாருடையது?

உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடுமையாகவோ நடுத்தரமாகவோ தீக்காயம் அடைகிறார்கள். இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டவர், ஏழை வீட்டவர். பணக்காரர்கள் எல்லாரும் கவனமானவர்கள், ஏழைகள் எல்லாரும் அசட்டையானவர்கள் என்றா இதற்குப் பொருள்? இல்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு ஓரிடம், படுக்கை வேறிடம். நம் வீட்டில் இரண்டும் ஓரிடம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இலங்கையில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே மின்சாரம் இல்லாத வீடுகளில் பழைய போத்தலில் திரியைச் செருகிக் குப்பி விளக்கு எரிப்பார்கள். பூனை தட்டினாலும் சாயும், எண்ணெய் கொட்டும், பாய் பற்றும். வெந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த அறுவை மருத்துவர் டாக்டர் விஜய கொடகும்புர, “கவனமாக இருங்கள்” என்று புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. விளக்கையே மாற்றினார். குள்ளமான, கனத்த கண்ணாடி விளக்கு. சாய்ந்தால் உருளாதபடி இருபுறம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. அதற்காக 1998ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. மனிதனைத் திட்டுவதைவிடப் பொருளைத் திருத்துவது மேல். இதுவே நாம் கற்கவேண்டிய பாடம்.

2004 ஜூலை 16ல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் வெந்து மடிந்தார்கள். சமையற்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அந்தக் கூரையின்கீழ் பள்ளி நடத்த அனுமதித்தது யார்? குழந்தைகளா? 2024 ஜூன் 12ல் குவைத் நாட்டு மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது. தரைத்தளத்தில் கிளம்பிய தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டியே மாண்டார்கள். கொச்சியில் வந்திறங்கிய உடல்களில் 23 மலையாளிகள், 7 தமிழர்கள். பிழைக்கப் போன இடத்தில் தங்க ஓர் அறை. அந்த அறையே எமனாயிற்று. போனக்காட்டு லயமும் மங்காஃப் மாடியும் தூரத்தில்தான் வேறு.

ஆனால் எல்லாப் பழியையும் மற்றவர் தலையில் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் சமைக்கப் போய் 9 பயணிகள் இறந்தார்கள். அது நாகர்கோவிலில் புனலூர் – மதுரை வண்டியோடு இணைக்கப்பட்ட பெட்டி. நம் குடும்பங்கள் ஊருக்குப் போகிற தடம். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் தினமும் பார்க்கிறோம்: தீபாவளி வந்தால் பைக்குள் பட்டாசு, வீடு மாறினால் மூட்டைக்குள் எண்ணெயோடு ஸ்டவ். 1989ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. சிறை கிடக்கட்டும். அதே பெட்டியில் நூறு குடும்பங்கள் இருக்கின்றனவே!

நம் அறியாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சங்கத் தோழர் ஒருவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேத்தி வெந்நீர்ப் பானையை இழுத்துக் கையில் ஊற்றிக்கொண்டாள். பாட்டி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். “தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும்” என்று தடுத்தது நாம்தான். பைக்குள்ளிருந்த எழுதும் மையைத் தடவியதும் நாம்தான். ஆஸ்பத்திரியில் அந்த மையைத் துடைத்து எடுத்த பிறகே புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடிந்தது. துடைத்தபோது அந்தப் பிள்ளை கதறிய கதறல் இன்னும் காதில் இருக்கிறது. படித்தவன் என்று நம் பேச்சைக் கேட்டார்கள். படியாத பாட்டி செய்யப்போனதே சரி.

ஆகவே இதை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்:

1. சுட்ட இடத்தில் உடனே சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிடுக. குழாய் இல்லையேல் குவளையால் மொண்டு ஊற்றுக. ஐஸ் கூடாது.

2. மை, பற்பசை, மாவு, எண்ணெய், முட்டை எதுவும் தடவாதீர். கொப்புளத்தை உடைக்காதீர். வீங்குமுன் வளையல், மோதிரம் கழற்றுக. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. ஆம்புலன்ஸ் எண் 108.

3. உடையில் தீப்பற்றினால் ஓடாதீர். ஓடினால் தீ வளரும். படுத்து உருள்க, கனத்த போர்வையால் மூடுக.

4. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுக. மின்சாரம் தாக்கியவரை, மெயினை அணைக்காமல் தொடாதீர்.

5. எரியும் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடிக் கதவைத் திறக்க. கேஸ் தரையோடு தேங்கும்.

6. அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குக் குழந்தை வராமல் மரப்பலகையால் தடுப்புக் கட்டுக. பாலியெஸ்டர் நைட்டியும் தொங்கும் முந்தானையும் அடுப்படிக்கு ஆகாது. ஆற்றுகால் பொங்கலுக்கு வீதியில் அடுப்பு மூட்டும் தாய்மாரும் இதை நினைவில் வைக்க.

தோட்டம் நின்றதும் நம் இளைஞர்கள் நகரத்து ஓட்டல்களுக்கு இறங்கினார்கள். அங்கே பரோட்டாக் கல், கொதிக்கும் எண்ணெய், டீ பாய்லர். பதினாறு மணி நேரம் நின்றவன் கை நடுங்காதா? வழுக்கும் தரையில் செருப்பில்லாமல் எண்ணெய்ச் சட்டி தூக்கச் சொல்வது யார் கவனக்குறைவு? வேலையிடத்தில் வெந்தால் இழப்பீடு கேட்பது பிச்சையல்ல, உரிமை. மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்திச் சங்கத்துக்கு வாருங்கள்.

இனி, சொல்லக் கூசும் செய்தி. “ஸ்டவ் வெடித்தது” என்று சொல்லப்பட்ட எல்லா மரணத்திலும் ஸ்டவ்வா வெடித்தது? குடித்துவிட்டு வரும் கணவன், சீதனம் கேட்கும் மாமியார், தாங்க முடியாமல் தானே எண்ணெயை ஊற்றிக்கொண்ட மருமகள், நமக்குத் தெரியாதா? அவன் நம் சங்கத்தான், நம் ஊரான் என்று வாய்மூடி மலர்வளையம் வைத்து வந்திருக்கிறோம். முதலாளியின் குற்றத்தை மறைக்கிற அதே “கவனக்குறைவு” என்ற சொல்தான் வீட்டுக்குள் நடந்த குற்றத்தையும் மறைக்கிறது. அடிபடும் பெண் சங்கத்தின் கதவைத் தட்டினால், சந்தா கட்டுகிறவன் புருஷனாயினும், அவள் பக்கமே நிற்போம். இதில் சமரசம் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. அதையும் சுவரில் எழுதிவையுங்கள்.

கடைசியாகக் கோரிக்கை. 1951ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பை முதலாளியின் கடமையாக்கியது. 2020ல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்குத் தரும் வீட்டில் குடிநீரும் சமையலறையும் கழிப்பிடமும் வேண்டுமென்கிறது. சமையலறை என்ற சொல்லே சட்டத்தில் ஏறிவிட்டது! தோட்டம் ஓடாத இடத்தில் இதை யார் தருவது? அரசுதான் தரவேண்டும். போனக்காட்டுக்கு நாம் கேட்பது நான்கு: தனிச் சமையலறை, புது ஒயரிங், வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய், எந்நேரமும் ஆம்புலன்ஸ் ஏறும் சாலை. வெந்த குழந்தைக்கு முதல் மருந்து தண்ணீர். அந்தக் குழாய்கூட இல்லாத வீட்டில் 20 நிமிடம் ஊற்று என்று எழுதுவது நமக்கே வெட்கமாயிருக்கிறது.

தோழர்களே! கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவேண்டாம். இன்று மாலையே அடுப்பின் மேலுள்ள பரணை அவிழ்த்து விறகை வேறிடம் மாற்றுங்கள். அடுப்பருகே எப்போதும் ஒரு குடம் தண்ணீர் நிற்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு ஆண்கள் தனியாக வரவேண்டாம். அடுப்படியை அறிந்த பெண்களோடு வாருங்கள். மனுவை அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதித் தருகிறோம்.