டாக்டர் சீட்டு இருந்தால் போதுமா?



பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், டாக்டர் எழுதிக் கொடுத்தார், சங்கமும் அனுமதித்தது. விக்கின்ஸ் செய்ததில் என்ன தப்பு?" எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பிராட்லி விக்கின்ஸ் 2012இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் பிரிட்டன்காரர். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு டிரையம்சினலோன் என்ற கார்டிகோஸ்டீராய்டு ஊசி போட அனுமதி பெற்றார். 2011 டூருக்கு முன்பும், 2013 இத்தாலிப் பந்தயத்துக்கு முன்பும் அதே அனுமதி. காரணம் மகரந்த ஒவ்வாமை, ஆஸ்துமா என்றார். 2016இல் ஆவணங்கள் கசிந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இது ஜிம்மில் தசை ஏற்றும் ஸ்டீராய்டு அல்ல. வீக்கத்தையும் வலியையும் அடக்கும், களைப்பை மறைக்கும், எடையைக் குறைக்கும். கணக்குப் போடுங்கள்: 400 வாட் சக்தியுள்ளவர் 80 கிலோ என்றால் கிலோவுக்கு 5 வாட். 75 கிலோ ஆனால் 5.33. மலை ஏற்றத்தில் வெற்றி தோல்வியே அந்தப் புள்ளியில்தான். ஊக்கமருந்துக்காகத் தடைபெற்ற டேவிட் மில்லர், இந்த ஊசியால் எடை இறங்கியது, பலம் இறங்கவில்லை என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார்.

பரீட்சையில் கை ஒடிந்த பையனுக்கு எழுதித்தர ஆள் கொடுப்போம். அவன் சொல்வதை எழுதத்தான். விடை சொல்லித்தர அல்ல. மருத்துவ அனுமதியின் விதியும் அதுவே: மருந்து பழைய ஆரோக்கியத்தைத் திருப்பித் தரலாம், அதற்கு மேல் ஒரு பலனும் தரக்கூடாது. இந்த ஊசியில் அந்த எல்லையை யார் அளப்பது?

2018இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, அவருடைய அணி நெறிமுறைக் கோட்டைத் தாண்டியது என்றது. அவரும் அணியும் மறுத்தார்கள். விதியை மீறியதாக அவர்மேல் வழக்கு இல்லை. என் சண்டையும் அவரோடு அல்ல, ஓட்டை விதியோடு.

2022 முதல் போட்டிக் காலத்தில் இந்த வகை ஊசிகள் எல்லாம் தடை. நல்லது. ஆனால் பயிற்சிக் காலத்தில் தடை இல்லையே! எடை குறைப்பது அப்போதுதானே? மருந்து உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் குறைந்துவிடும். அந்த நிலையில் கீழே விழுந்து அடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சில அணிகள் தாமாகவே கார்டிசால் சோதனை செய்து, குறைந்திருந்தால் வீரரை நிறுத்திவைக்கின்றன. அதை எல்லா அணிக்கும் கட்டாயமாக்க வேண்டும். ஊசி தேவைப்படும் அளவுக்கு நோய் என்றால், ஓய்வும் தேவைதான்.

ஒரு வார்த்தை: ஆஸ்துமா, மூட்டுவாதத்துக்கு இம்மருந்து எடுக்கும் உறவுகள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து. உங்களுக்கு அது மருந்து. நான் கேட்பது, நோயாளிக்கான சீட்டு பந்தயத்துக்கான சீட்டாக மாறக்கூடாது என்பது மட்டுமே.