அறிவுரை வேண்டாம், கொஞ்சம் கேளுங்கள்!

"நல்லா இருக்கியா?" என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பழகிவிட்டவர்கள் நாம். இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோல்வியடைந்த அன்றிரவும் தொலைபேசியில் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன்.

என் அப்பா லோரி ஓட்டுநர். சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், "மவன் இஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று அவர் சொல்லாத ஆளில்லை. எனக்கோ விரிவுரை புரியவில்லை. புரியவில்லை என்று கேட்கவும் வெட்கம். வகுப்பில் தலையாட்டும் ஒரு முகம், விடுதியில் சிரிக்கும் ஒரு முகம், வீட்டிற்கு இன்னொரு முகம். இதில் எது என் முகம் என்பது எனக்கே மறந்துபோனது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "இன்னும் முயற்சி செய்" என்றார் ஒரு மூத்த மாணவர். "வைராக்கியம் வேணும்" என்றார் மாமா. தன்முனைப்புப் பயிலரங்கு ஒன்றுக்கும் போனேன். "என்னால் முடியும்!" என்று முந்நூறு பேரோடு சேர்ந்து கத்தினேன். இரண்டு நாள் முடிந்தது. மூன்றாம் நாள் முடியவில்லை!

அப்போதுதான் பேரவையின் முன்னாள் உறுப்பினரான ஓர் அக்கா அறிமுகமானார். வேலையிடத்தில் வழிகாட்டுநர் பயிற்சி பெற்றவர். வாரம் ஒரு மணி நேரம், விடுதிக்கு எதிரே இருந்த கடையில், ஒரு தே தாரேக். இப்படி ஆறு வாரம். அவர் எனக்கு அறிவுரையே சொல்லவில்லை என்றால் நம்புவீர்களா?

முதல் வாரம் கேட்டார்: "தம்பி, உனக்கு எது கஷ்டமா இருக்கு?"

"பாடம்தான்க்கா."

"பாடமா? இல்ல, பாடம் புரியலன்னு சொல்றதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. தே தாரேக் ஆறும்வரை சும்மா இருந்தார்.

மூன்றாம் வாரம் இன்னொரு கேள்வி. "யார்கிட்டயும் நடிக்காம நீ நீயா இருந்தது எப்போ?" யோசித்தேன். ஆறாம் படிவம் படித்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த மாலைகள் நினைவுக்கு வந்தன. விடை வராத கணக்கென்றால், "அண்ணனுக்கும் புரியல, வாங்க சேர்ந்து பாப்போம்" என்று கூசாமல் சொல்வேன். அந்தப் பையனைத்தான் நான் தொலைத்திருந்தேன்!

அந்த வாரமே அப்பாவை அழைத்து உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, "லோரி லைசன்ஸ் நானே மூணாவது தடவதான் பாஸ் பண்ணேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது" என்றார். அந்த இரு பாடங்களையும் மீண்டும் எடுத்தேன். புரியாததைப் புரியவில்லை என்று கையுயர்த்திக் கேட்டேன். ஒரு பருவம் தாமதமாகப் பட்டம் பெற்றேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

'கோச்' என்ற சொல் ஹங்கேரியில் உள்ள கோச் என்னும் ஊரில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்தது. மாணவனைத் தேர்வுக்கு 'ஏற்றிச் செல்லும்' ஆசிரியரை 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அப்பெயரால் கேலியாக அழைத்தார்கள். 1974இல் அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் திமதி கால்வே ஒரு நூல் எழுதினார். கட்டளைகளைக் குறைத்து, பந்தைக் கவனிக்கச் சொன்னால் ஆட்டக்காரர் தம்மைத் தாமே திருத்திக்கொள்கிறார் என்பது அவர் கண்டது. எதிரே நிற்பவரைவிட, தலைக்குள் இருந்து திட்டிக்கொண்டே இருப்பவர்தான் பெரிய எதிராளி என்றார். எனக்குள்ளும் அப்படியொருவர் இருந்தார். அக்காவின் கேள்விகள்தான் அவர் வாயை அடைத்தன.

நமக்கு இது புதிதா? தமிழில் 'கேள்' என்றால் வினவு. 'கேள்' என்றால் செவிகொடு. இரண்டுக்கும் ஒரே சொல்! திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்கே 'கேள்வி' என்று பெயர். ஆனால் நம் வீடுகளிலும் மேடைகளிலும் சொல்பவர்கள் பெருகிவிட்டோம், கேட்பவர்கள் குறைந்துவிட்டோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் நாட்டில் 'ஆலோசகர்' என்று தொழில் செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'கோச்' என்று பெயர் போட்டுக்கொள்ள அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே, 'உன் வாழ்க்கையை மூன்றே நாளில் மாற்றுகிறேன்' என்று பெருந்தொகை கேட்பவரிடம் விழிப்பாக இருங்கள். தூக்கமின்றி, வாழப் பிடிக்காமல் தவிக்கும் நண்பருக்குத் தே தாரேக் போதாது. பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கோ மருத்துவரிடமோ நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, பேரவைக்கு என் கோரிக்கை எளியது. ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் ஒரு மூத்தவரைத் துணையாக்குங்கள். அந்த மூத்தவருக்கு மூன்றே விதிகள்: கேள்வி கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. இதற்கு நிதியும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம்.

முன்னாள் மாணவர்களே, இந்த இதழை மூடியதும் ஒரு தம்பியையோ தங்கையையோ அழைத்து, "நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கேன்" என்று பதில் வந்தால் உடனே வைத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம்... கேளுங்கள்.